வழங்கியின் ஒழுங்கு

அறிவு, பிறர்க்குக் கொடுக்கக் கொடுக்க வளரும் இயல்பினது. பொருளைக் கொடுத்தவனிடம் பொருள் குறையும். அறிவைக் கொடுத்தவனிடமோ அது மேலும் தெளிவு பெற்று நிற்கும். ஆதலின், தான் அறிந்ததைப் பிறர்க்கு வழங்குதற்குரிய கருவிகளை மனிதன் காலந்தோறும் தேடிக்கொண்டே வந்தான். ஓலைச்சுவடி அவனுக்கு உதவியது, அச்சுப்பொறி உதவியது, வானொலி உதவியது. இந்நாளில் அப்பணியைப் பெரிதும் ஆற்றி வருவது இணையமாகும்.

1995ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 15ஆம் நாள், விதேஷ் சஞ்சார் நிகாம் என்னும் அரசு நிறுவனம் இந்தியப் பொதுமக்களுக்கு இணையத்தின் கதவைத் திறந்தது. அவ்வசதியை முதற்கண் பெற்ற பெருநகரங்களுள் சென்னையும் ஒன்று. அதன் பின்னர் நகரின் தென்பகுதி விரைந்து மாறியது. 1984ஆம் ஆண்டிலேயே ஏற்றுமதி மண்டலம் ஒன்றைப் பெற்றிருந்தது தாம்பரம். அதற்கு வடகிழக்கே தரமணியில் 2000ஆம் ஆண்டு டைடல் பூங்கா திறக்கப்பெற்றது. ஏரிகளும் வயல்களுமாக இருந்த ஊர்களில் கணினி நிறுவனங்கள் எழுந்தன. அங்குப் பணிபுரிவோர் பலரும் நாள்தோறும் கையாளும் கருவிகளுள் தலையாயது, மக்கள் 'சர்வர்' என்று கூறும் இணைய வழங்கியாகும்.

வெள்ளத்தில் நின்ற உதவி

வழங்கியின் அருமையைத் தென்சென்னை மக்கள் நன்குணர்ந்தது 2015ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களில். அத்திங்கள் முதல் நாள் தொடங்கி மறுநாட்காலை வரை, இருபத்து நான்கு மணி நேரத்தில், தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை பெய்தது. அடையாற்றில் வெள்ளம் கரைபுரண்டது. முடிச்சூரும் வரதராசபுரமும் நீரில் மூழ்கின. மின்சாரம் நின்றது, சாலைகள் மறைந்தன. 'தி இந்து' என்னும் ஆங்கில நாளிதழ் 1878ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்றது. அதன் அச்சகம் மறைமலைநகரில் இருந்தது. தொழிலாளர் அங்குச் சென்று சேர இயலாமையால் டிசம்பர் 2ஆம் நாள் அவ்விதழின் சென்னைப் பதிப்பு அச்சாகவில்லை.

தாளில் அச்சிடுதல் நின்றுபோன அந்நாளில் இணையம் நிற்கவில்லை. தன்னார்வலர் பலர் ஒன்றுகூடி, உணவு எங்கே கிடைக்கும், தங்குமிடம் எங்கே உள்ளது, யாருக்கு உதவி தேவை என்னும் செய்திகளைத் தொகுத்து, 'சென்னை ரெயின்ஸ்' என்ற பொதுத்தளத்தில் வெளியிட்டனர். நீரில் மூழ்கிய தெருக்களை மக்களே குறித்துக் காட்டுதற்குரிய நிலப்படம் ஒன்றும் இணையத்தில் அமைக்கப்பெற்றது. கையில் உள்ள பேசியில் சிறிதளவேனும் மின்னாற்றல் இருந்தோர் அவற்றைக் கண்டனர். கண்டதைப் பிறர்க்குக் கூறினர்.

இத்தகைய நாளில் வழங்கி ஒன்று தடுமாறி நின்றுவிட்டால் விளையும் தீங்கு சிறிதன்று. அது தடுமாறாமல் நிற்பதற்குப் பொறியின் வலிமை மட்டும் போதாது. அதனை முன்னரே முறையாக அமைத்து வைத்த மனிதனின் கருத்தும் வேண்டும். அவ்வமைப்பு முறையின் அடிப்படைகளை மாணவர் அறிந்திருத்தல் நன்று.

வழங்கி என்பது யாது?

வழங்கி என்பது ஒரு கணினியில் இடைவிடாது இயங்கும் ஒரு நிரல். பிற கணினிகள் அதனிடம் ஒரு பக்கத்தைக் கேட்கும். கேட்ட பக்கத்தை அஃது எடுத்துக் கொடுக்கும். கேட்பதும் கொடுப்பதும் அன்றி அதன் தொழில் வேறில்லை. அந்நிரல் இயங்கும் கணினியையும் வழங்கி என்றே கூறுதல் வழக்கம்.

உலகின் முதல் இணைய வழங்கி, ஜெனீவா நகருக்கு அருகிலுள்ள செர்ன் என்னும் ஆராய்ச்சிக் கூடத்தில், 1990ஆம் ஆண்டின் இறுதியில் இயங்கத் தொடங்கியது. அதனை அமைத்தவர் டிம் பெர்னர்ஸ்-லீ என்னும் ஆங்கிலேய அறிஞர். அந்நாளில் உலகின் இணையத்தளம் முழுவதும் அவர் மேசைமேல் இருந்த ஒரே கணினியில் அடங்கியிருந்தது. யாரேனும் அறியாமல் அதனை அணைத்துவிடுவரோ என்று அஞ்சி, 'இஃது ஒரு வழங்கி. இதனை அணைக்க வேண்டா' என்னும் பொருள்பட, சிவப்பு மையால் எழுதிய சீட்டு ஒன்றை அவர் அதன்மேல் ஒட்டி வைத்தார். வழங்கிக்கு மனிதன் எழுதிய முதல் ஒழுங்குவிதி அதுவே எனலாம்.

பின்னர் அமெரிக்காவில் இல்லினாய்ப் பல்கலைக்கழகத்தில் மற்றொரு வழங்கி நிரல் உருவாயிற்று. அதனை ஆக்கியவர் பணியினின்று நீங்கிய பின்னர், அதனைப் பயன்படுத்தி வந்தோர் ஆங்காங்கே தத்தம் திருத்தங்களைச் செய்து வந்தனர். அவருள் எட்டுப் பேர் ஒன்றுகூடி, அத்திருத்தங்களை எல்லாம் தொகுத்து, 1995ஆம் ஆண்டு 'அப்பாச்சி' என்னும் நிரலை வெளியிட்டனர். யாரும் விலையின்றிப் பெற்றுத் திருத்திக்கொள்ளலாம் என்ற உரிமையோடு வெளிவந்த அது, மறு ஆண்டிலேயே உலகில் மிகுதியாகப் பயன்படும் வழங்கியாயிற்று. 2004ஆம் ஆண்டு உருசிய நாட்டினர் இகோர் சிசோயெவ் வெளியிட்ட 'எஞ்சின் எக்ஸ்' என்பதும் இன்று புகழ்பெற்று விளங்குகின்றது.

இவ்வழங்கிகளை ஆள்வது, 'அமைவுக் கோப்பு' என்னும் எளிய எழுத்துக்கோப்பு. ஒரு வரிக்கு ஒரு கட்டளையாக அதில் எழுதப்பட்டிருக்கும். வரியின் தொடக்கத்தில் '#' என்னும் குறியை இட்டால் பொறி அவ்வரியைப் படியாது. அது மனிதர் மனிதர்க்கு எழுதும் குறிப்பு. ஒரு கட்டளையை ஏன் எழுதினோம் என்று பின்வருவோர் அறியுமாறு குறித்து வைப்பது நல்லோர் வழக்கம்.

வாயிலும் பெயரும்

தொடர்வண்டி நிலையம் ஒன்றை எண்ணிப் பார்த்தால் வழங்கியின் முதல் அமைப்பு எளிதில் விளங்கும். 1931ஆம் ஆண்டு முதல் சென்னைக் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே மின்தொடர்வண்டிகள் ஓடிவருகின்றன. பயணி ஒருவன் தாம்பரம் நிலையத்தை அடைந்தால் மட்டும் போதாது. தன் வண்டி எந்த நடைமேடைக்கு வரும் என்பதையும் அவன் அறிதல் வேண்டும். நிலையம் போன்றது கணினியின் முகவரி எண். நடைமேடை போன்றது 'போர்ட்' எனப்படும் வாயில் எண்.

ஒரு கணினியில் இத்தகைய வாயில் எண்கள் 65,000க்கும் மேற்பட்டவை உண்டு. அவற்றுள் 80 என்பது இணையப் பக்கங்களுக்கு உரியது. 443 என்பது மறைகுறியால் காக்கப்பெற்ற பக்கங்களுக்கு உரியது. எந்த வாயிலில் நின்று கேட்க வேண்டும் என்பதை வழங்கிக்குக் கூறுவது 'லிசன்' என்னும் கட்டளை. 'லிசன் 80' என்று எழுதினால் அது 80ஆம் வாயிலில் காத்து நிற்கும். அங்கு வேறொரு நிரல் முன்னரே நின்றுகொண்டிருப்பின், வழங்கி தொடங்கவே தொடங்காது. ஒரே நடைமேடையில் ஒரே வேளையில் இரண்டு வண்டிகள் நிற்றல் ஒல்லுமோ?

அடுத்தது பெயர். ஒரே கட்டடத்தில் பல குடும்பங்கள் வாழ்தல் போல, ஒரே வழங்கியில் பல தளங்கள் வாழ இயலும். வந்தவன் எத்தளத்தின் பெயரைச் சொல்லிக் கேட்கிறானோ அத்தளத்தின் பக்கத்தை வழங்கி கொடுக்கும். இதற்குரிய கட்டளை 'செர்வர்நேம்' என்பது. இணைய நெறிமுறையின் 1997ஆம் ஆண்டுப் பதிப்பு, கேட்பவன் தளத்தின் பெயரைத் தவறாது கூறுதல் வேண்டும் என்று விதித்தது. அப்பெயர் எத்தளத்தோடும் பொருந்தாவிட்டால், அப்பாச்சி தன் பட்டியலில் முதலில் உள்ள தளத்தையே காட்டும். ஒரு பள்ளியின் தளத்தைத் தேடியவனுக்கு ஒரு கடையின் தளம் தோன்றுவது இதனாலேயே.

வீட்டின் எல்லை

வழங்கி எந்த அடைவில் உள்ள கோப்புகளை வெளியார்க்குக் கொடுக்கலாம் என்று வரையறுப்பது 'டாக்குமென்ட்ரூட்' என்னும் கட்டளை. வீட்டில் விருந்தினர்க்கு உரியது கூடம். பெட்டகம் உள்ள அறை அன்று. அவ்வாறே, உலகம் காணத்தக்க கோப்புகளை மட்டும் தனி அடைவில் வைத்து, அதனையே இக்கட்டளையில் குறித்தல் வேண்டும். சோம்பலினால் வட்டு முழுவதையும் குறித்துவிட்டால், கணக்குகளும் கடவுச்சொற்களும் தெருவுக்கு வந்துவிடக் கூடும்.

அடைவின் பெயரை மட்டும் ஒருவன் கேட்டால் எந்தப் பக்கத்தைக் கொடுப்பது? அதனைக் கூறுவது 'டைரக்டரிஇண்டெக்ஸ்' என்னும் கட்டளை. அதில் குறித்த பக்கம் அங்கு இல்லையெனில், அடைவில் உள்ள கோப்புகளின் பெயர்ப்பட்டியலையே சில வழங்கிகள் காட்டிவிடும். காட்டாதிருக்குமாறு கட்டளையிடுதல் அறிவுடைமை.

மற்றொரு விதியும் உண்டு. கணினியில் அனைத்து உரிமையும் உடைய தலைமைப் பயனரின் பெயரால் வழங்கி பணிபுரிதல் ஆகாது. 80ஆம் வாயிலைத் திறக்க மட்டுமே அவ்வுரிமை முதலில் தேவைப்படும். திறந்த பின்னர், குறைந்த உரிமையுடைய ஒரு பயனரின் பெயரால் அது தொண்டாற்றுதல் வேண்டும். பணிக்கு வேண்டிய அளவே உரிமை என்பது இதன் கருத்து. பகைவன் ஒருவன் வழங்கியை வசப்படுத்தினாலும் வீடு முழுவதும் அவன் கைக்குச் செல்லாது.

தமிழ் எழுத்தும் வழங்கியும்

தமிழர் சிறப்பாகக் கருத வேண்டிய அமைப்பு ஒன்று உண்டு. கணினி எழுத்துகளை எண்களாகவே அறியும். எந்த எண் எந்த எழுத்து என்பதில் தொடக்கத்தில் ஒற்றுமை இல்லை. ஓர் எழுத்துருவில் எழுதிய தமிழ், மற்றொன்றில் பொருளற்ற குறிகளாகத் தோன்றியது. இக்குறையைப் போக்க, 1999ஆம் ஆண்டு பிப்ரவரியில் 'தமிழ்நெட் 99' என்னும் மாநாடு சென்னையில் கூடியது. 2001ஆம் ஆண்டு தமிழ் இணையப் பல்கலைக்கழகம் தொடங்கப்பெற்றது. இன்று தமிழ் இணையக் கல்விக்கழகம் என்னும் பெயரோடு கோட்டூர்புரத்தில் இருந்து அது தொண்டாற்றுகின்றது. 2010ஆம் ஆண்டு சூன் திங்களில், உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாடு நிகழ்ந்த வேளையில், ஒருங்குறி முறையைத் தரமாக ஏற்றுத் தமிழ்நாடு அரசு ஆணையிட்டது.

ஒருங்குறியை இணையத்தில் அனுப்பும் முறைக்கு 'யூ.டி.எப்-8' என்று பெயர். இதில் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் மூன்று பைட்டு இடம் கொள்ளும். 'தாம்பரம்' என்னும் சொல்லைப் பார்க்க. கண்ணுக்குத் தோன்றுவன ஐந்து எழுத்துகள். கணினிக்கோ த, கால், ம, புள்ளி, ப, ர, ம, புள்ளி என எட்டுக் குறிகள். அவை கொள்ளும் இடம் 24 பைட்டு. இம்முறையை அறியாது, பைட்டு ஒன்றுக்கு எழுத்து ஒன்றாக உலாவி படித்தால், ஊரின் பெயர் மறைந்து அயற்குறிகளின் வரிசை ஒன்று திரையில் நிற்கும்.

எந்த முறையில் படிக்க வேண்டும் என்பதைப் பக்கத்தின் உள்ளேயும் எழுதலாம். வழங்கியும் தலைப்புச் செய்தியாக அனுப்பலாம். இரண்டும் மாறுபட்டால் வழங்கியின் சொல்லையே உலாவி ஏற்கும். ஆதலின், பக்கத்தை எழுதியவர் பிழையின்றி எழுதியிருந்தும், வழங்கியின் அமைவுக் கோப்பில் உள்ள ஒரு வரியால் தமிழ் சிதைந்து போதல் உண்டு. 'அட்டிஃபால்ட்சார்செட்' என்னும் கட்டளையில் 'யூ.டி.எப்-8' என்று குறித்துவிட்டால் அத்துன்பம் நீங்கும். வெள்ள நாளில் உதவி தேடும் முதியவர் ஒருவர் தம் தாய்மொழியில் செய்தியைப் படிப்பதும் படியாததும் இவ்வொரு வரியைப் பொறுத்து அமையலாம்.

அளவறிந்து வழங்குதல்

வழங்குவோன் தன் அளவை அறிதல் வேண்டும். அப்பாச்சி வழங்கியின் ஒரு முறையில், வந்தவர் ஒவ்வொருவரையும் கவனிக்கத் தனித்தனியே ஒரு பணியாள் நியமிக்கப்படுவான். ஈண்டுப் பணியாள் என்றது நிரலின் ஒரு படியையே. பணியாளர் எத்தனை பேர் வரை இருக்கலாம் என்பதை 'மேக்ஸ்ரிக்வெஸ்ட்வொர்க்கர்ஸ்' என்னும் கட்டளை வரையறுக்கும்.

ஒரு கணினியின் நினைவகம் 2048 மெகாபைட்டு என்றும், பணியாள் ஒருவனுக்கு 25 மெகாபைட்டு தேவை என்றும் கொள்க. கணினியின் பிற வேலைகளுக்கு 548 மெகாபைட்டை ஒதுக்கினால் எஞ்சுவது 1500. அது 60 பணியாளருக்குப் போதும். அதனை எண்ணிப் பாராமல் 150 என்று எழுதிவிட்டால், கூட்டம் மிகுந்த வேளையில் 3750 மெகாபைட்டு தேவைப்படும். நினைவகம் நிரம்பி, வழங்கி வட்டின் துணையை நாடும். அதன் வேகம் தளர்ந்து, முன்வந்தவர், பின்வந்தவர் என்னும் வேறுபாடின்றி ஒருவருக்கும் பக்கம் கிடைக்காமற் போகும். 60 என்று எழுதியிருந்தால் மிகுந்தோர் வரிசையில் சிறிது காத்திருப்பர். ஆயினும் வரிசை நகரும்.

காத்திருக்கும் நேரத்தையும் அளந்து வைத்தல் வேண்டும். பக்கத்தைப் பெற்ற பின்னரும், 'இன்னும் ஏதேனும் கேட்பாரோ' என்று பணியாள் சற்று நேரம் நிற்பான். அந்நேரம் 5 விநாடி என்றும், பக்கம் கொடுக்க 1 விநாடி என்றும், ஒருவர் ஓர் இணைப்பையே பற்றுவதாகவும் கொள்க. ஒரு பணியாள் நிமிடத்திற்குப் பத்துப் பேரைக் கவனிப்பான். 60 பணியாளர் 600 பேரைக் கவனிப்பர். நிற்கும் நேரத்தை 60 விநாடி என்று எழுதிவிட்டால், நிமிடத்திற்கு 60 பேர் கூடப் பயன்பெறார். கணினி அதுவே; பணியாளரும் அவரே; எழுதிய எண் ஒன்றே வேறு.

ஏடும் சோதனையும்

வழங்கி தன் செயல் ஒவ்வொன்றையும் ஏட்டில் குறிக்கும். யார் முகவரியிலிருந்து, எந்நேரத்தில், எதனைக் கேட்டனர், என்ன விடை பெற்றனர் என்பன எல்லாம் அதில் பதிவாகும். விடைகள் எண்களால் அமைந்தவை. 200 எனில் நிறைவேறியது. 403 எனில் உரிமை இல்லை. 404 எனில் கேட்ட பக்கம் இல்லை. 503 எனில் வழங்கி இப்போது தொண்டாற்றும் நிலையில் இல்லை என்பது பொருள். பிழைகளுக்குத் தனி ஏடு உண்டு. நோய் கண்ட மருத்துவன் முதலில் நாடி பார்ப்பது போல, குறை கண்டவன் முதலில் பார்க்க வேண்டியது பிழையேடே. ஏடுகள் வளர்ந்து வட்டை நிரப்பிவிடாதவாறு, பழையனவற்றை அவ்வப்போது சுருக்கி ஒதுக்கவும் ஏற்பாடு வேண்டும்.

அமைவுக் கோப்பை மாற்றுமுன் அதன் படி ஒன்றை எடுத்து வைத்தல் வேண்டும். மாற்றிய பின்னர், எழுத்துப்பிழை உண்டா என்று சோதிக்கும் கட்டளையை இயக்குதல் வேண்டும். அதன் பின்னரே, வந்திருப்போரைத் துரத்தாமல் புதிய விதிகளை ஏற்குமாறு வழங்கியைப் பணித்தல் வேண்டும். ஒரு வேளையில் ஒரு மாற்றமே செய்தல் நன்று. பல மாற்றங்களை ஒருங்கே செய்தவன், குறை எதனால் விளைந்தது என்று அறிய மாட்டான்.

443ஆம் வாயிலுக்குச் சான்றிதழ் ஒன்று தேவை. அஃது இத்தளம் இப்பெயருக்கு உரியதே என்று உறுதி கூறும். 'லெட்ஸ் என்கிரிப்ட்' என்னும் பொதுநல அமைப்பு இச்சான்றிதழைக் கட்டணமின்றி அனைவருக்கும் வழங்கத் தொடங்கியது 2015ஆம் ஆண்டு டிசம்பர் 3ஆம் நாள். சான்றிதழுக்கு முடிவுநாள் உண்டு. அந்நாள் கடந்துவிட்டால் உலாவிகள் வருவோரை எச்சரித்துத் தடுக்கும். ஆதலின் அதனைத் தாமே புதுப்பிக்கும் ஏற்பாட்டையும் செய்தல் வேண்டும்.

இறுதியாக, கோப்புகளின் படி ஒன்றை வேறோர் ஊரில் வைத்தல் இன்றியமையாதது. வெள்ளம் சூழ்ந்த ஊருக்குச் செய்தி தரும் வழங்கி அவ்வூரிலேயே இருத்தல் வேண்டும் என்பதில்லை.

இவ்விதிகளுள் பெரும்பாலான ஒரு வரியில் அடங்குவன. எழுதுவதற்குச் சில நிமிடங்களே வேண்டும். ஆயினும் அவற்றை எழுதுவோன், முகமறியாத ஆயிரம் பேர் வந்து கேட்கும் நாளை முன்னரே எண்ணிப் பார்க்கிறான். எவருக்குத் திறப்பது, எதனைக் காப்பது, எத்தனை பேருக்கு வழங்குவது, எம்மொழியில் வழங்குவது என்று ஆராய்கிறான். அவன் பெயரை அப்பக்கத்தைப் படிப்போர் அறியார். வழங்கி தடையின்றி இயங்கும் வரையில் அவனை எண்ணுவாரும் இலர். அவ்வாறு எண்ணப்படாமல் இருத்தலே அவன் பணி செம்மையாக நிறைவேறியதற்குச் சான்று.

பயிற்சி

1. வாயில் எண் என்பது யாது? அதனைத் தொடர்வண்டி நிலையத்தோடு ஒப்பிட்டு விளக்குக.
2. 'பணிக்கு வேண்டிய அளவே உரிமை' என்னும் விதியின் பயன் என்ன?
3. 'சென்னை' என்னும் சொல் ஒருங்குறியில் எத்தனை குறிகளால் ஆயது? அஃது எத்தனை பைட்டு இடம் கொள்ளும்?
4. நினைவகம் 4096 மெகாபைட்டு; பிற வேலைகளுக்கு ஒதுக்கியது 1096 மெகாபைட்டு; பணியாள் ஒருவனுக்கு 25 மெகாபைட்டு. எத்தனை பணியாளரை அமர்த்தலாம்?
5. 2015ஆம் ஆண்டு வெள்ளத்தில் இணையம் மக்களுக்கு உதவிய வகையை ஒரு பத்தியில் எழுதுக.